எடுக்காத பொட்டலம்

இரத்தினபுரிக்காரர் ஒருவரிடம் ஒரு நீலக்கல்லைக் கொடுத்துப் பாருங்கள். உடனே வாங்கமாட்டார். வாசலுக்குப் போவார், வெயிலில் பிடிப்பார், டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார், சூடு வைத்த கல்லா வைக்காத கல்லா என்று கேட்பார். விற்பவர் சொந்த அண்ணனாக இருந்தாலும் இன்னொருவரிடம் காட்டாமல் பேச்சை முடிக்கமாட்டார். அப்படிப்பட்ட ஊரில், ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில், பட்டப்பகலில் ஜன்னல்களுக்குத் திரை போட்டு இருட்டாக்கிவிட்டு, கோட்டுப் போட்ட ஓர் இளைஞர் மேடையேறினார். வெளிநாட்டுக்கு வந்து ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டால் ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள் என்று சொன்னார். மண்டபம் முழுவதும் தலையாட்டியது. ஒருவரும் வாசலுக்கு எழுந்து போகவில்லை.

நான் அங்கே போனது என் அக்கா மகளுக்குத் துணையாக. ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். நடக்கத் தெரியாததுகூட அவளைப் பார்த்து "டீச்ச" என்று ஏதோ ஒரு சத்தம் போடும். அவளுடைய சொந்த மகளுக்கு ஐந்து வயது. பாப்பா இன்னும் எதுவும் சொன்னதில்லை.

பேசவில்லையே தவிர, பாப்பாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் புதன்கிழமைகளில் பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அந்த இடம் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். காத்திருப்போர் வரிசை எப்படி நகரும் என்பது எனக்குத் தெரியும். அது நகராமல் இருப்பதற்கான சுற்றறிக்கைகளில் சிலவற்றை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். பயிற்சி தொடங்கிச் சில மாதங்களில், தண்ணீர்க் குவளை வரைந்த ஓர் அட்டையைப் பாப்பா எடுத்துவந்து தாயின் கையில் வைத்தாள். தாகம் என்று அந்தப் பிள்ளை உலகத்துக்கு முதல்முதலாக அறிவித்தது அப்போதுதான். ஆனால் தொடர்ந்து சில வாரம் வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கோட்டுக்காரர் சொன்ன வைத்தியத்துக்கோ வெளிநாட்டில் இரண்டு மாதம் தங்க வேண்டும், பிறகு திரும்பத் திரும்பப் போக வேண்டும். போனால் புதன்கிழமை போய்விடும். இது அக்கா மகளுக்கும் தெரியும். தெரிந்துதான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் இரண்டு வீடியோக்கள் ஓடின. முதலாவதில் ஒரு சிறுவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு எடுத்த இரண்டாவதில் அதே சிறுவன் கேக்கில் வைத்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு யாரையோ "பாட்டி" என்று கூப்பிட்டான். எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நான் கையை உயர்த்தினேன். மாகாணச் சுகாதார அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். கடைசி வருடங்களில் ஆய்வு நெறிமுறைக் குழு ஒன்றுக்குக் கூட்டக்குறிப்பு எழுதினேன். மனிதர்மேல் எதைச் சோதிப்பதானாலும் அந்தக் குழு சம்மதிக்க வேண்டும். இருமல் மருந்து ஒன்றைச் சோதிக்க வந்த பேராசிரியரை, தகவல் தாளில் சிங்களம் இரண்டு பக்கமும் தமிழ் அரைப் பக்கமும் இருக்கிறது, தமிழருக்கு இருமல் குறைவா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அப்படிப் பழகிய கை, தானாக உயர்ந்துவிடும்.

"தம்பி, இந்த ஒரு வருசத்துல அந்தப் பிள்ளைக்கு ஒரு வயசு கூடியிருக்குமே?"

சிலர் சிரித்தார்கள். இளைஞரும் சிரித்தார். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் 'சரி' போட்டார். "நல்ல கேள்வி அங்கிள்." அத்துடன் அந்தக் கேள்வி முடிந்தது.

"ஊசி போடாம விட்ட பிள்ளைகளும் வளர்ந்திருப்பாங்கதானே. அவங்களோட வீடியோவையும் பக்கத்துல போட்டா ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"அங்கிள்," என்றார் அவர், நெஞ்சில் கைவைத்து. "ஏன் அங்கிள் போடாம விடணும்? அந்தப் பிள்ளைங்க பாவமில்லையா?"

மண்டபம் கைதட்டியது. நான் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடக் கூட்டங்களில் இவ்வளவு அழகாக ஓர் ஒப்பீட்டுக் குழுவை யாரும் கொன்றதை நான் பார்த்ததில்லை. பணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அன்று எல்லோருக்கும் தெளிவாக விளங்கிய விஷயம் அது ஒன்றுதான்.

திரும்பும் பஸ்ஸில் பெல்மதுளை தாண்டியதும் அக்கா மகள் என் பக்கம் திரும்பினாள்.

"எல்லார் முன்னாலயும் என் மானத்த வாங்கிட்டீங்க மாமா."

"நான் கேள்விதானேம்மா கேட்டேன்."

"நீங்க கேட்டா அது கேள்வி மாதிரியா இருக்கு? கள்ளனப் புடிச்ச பொலிசு மாதிரி இருக்கு."

அதில் உண்மை இருந்தது. ஆகவே அடுத்த வாரம் முழுவதும் பொலிஸ் வேலையை விட்டுவிட்டுப் படித்தேன். ஓய்வு பெற்றவர்களிடம் நேரமும் மூக்குக்கண்ணாடியும் தாராளமாக இருக்கின்றன. படித்ததை, அவளுக்குச் சொல்ல நினைத்தபடியே சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தப் புற்றுநோய் போன்ற சில வியாதிகளுக்கு ஸ்டெம் செல் உண்மையான வைத்தியம். பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கோட்டுக்காரர்கள் இரவல் வாங்கிக்கொள்வது அந்த மரியாதையைத்தான். ஓட்டிசத்துக்கு அப்படி இல்லை. பல ஆய்வுகள் மிகச் சிறியவை. ஒப்பிட ஒரு குழு இல்லாதவை. கொடுத்தோம், பிள்ளை முன்னேறியது என்று முடிந்துவிடும். பிள்ளைகள் சும்மா இருந்தாலும் முன்னேறும் என்பதை அவை மறந்துவிடுகின்றன. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்டெம் செல்லையும் மறு பகுதிக்கு வெறும் நீரையும், யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாமல் ஏற்றிப் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றில், வெறும் நீர் ஏறிய பிள்ளைகளின் பெற்றோரும் முன்னேற்றம் கண்டார்கள். பொய் சொல்லவில்லை, கண்டார்கள். கவனமாகச் செய்த ஆய்வுகளில் இரண்டு பகுதிக்கும் இடையே தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சரியான கண்காணிப்பு இல்லாத இடங்களில் கிருமித் தொற்று முதல் மயக்க மருந்து வரை ஆபத்துகள் உண்டு. கட்டுரைகளின் கடைசி வரி பெரும்பாலும் 'மேலும் ஆய்வு தேவை' என்பதுதான். அரசாங்க அலுவலகத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதுவோமே, அதன் தம்பி அது. நம்பிக்கை உள்ளவர்கள் அதை 'ஆம்' என்று வாசிப்பார்கள்.

முதலில் அவள் கணவரைப் பிடித்தேன். மாப்பிள்ளை அதே தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். பழைய ஆட்கள் இன்னும் கண்டக்டரய்யா என்பார்கள். போன வருடம் ஒரு புது உரம் வந்தபோது, ஒரே மலையில் நம்பர் முளை அடித்துப் பாத்தி பிரித்தார். சில பாத்திகளுக்குப் புது உரம், சிலவற்றுக்கு இல்லை. எந்த நம்பருக்கு எது என்று கொழுந்தெடுப்பவர்களுக்கும் தெரியாது, நிறுப்பவருக்கும் தெரியாது.

"மாப்புள்ள, உரக்காரன் அவ்வளவு சொன்னானே. பேசாம எல்லா மலைக்கும் போட்டிருக்கலாமே?"

"அதெப்புடிங்க மாமா? மழ நல்லா பேஞ்சா கொழுந்து தானா வருது. அவன் என் உரத்துலதான் வந்திச்சின்னு சொல்லிட்டுப் போயிருவான். போடாத பாத்தி ஒன்னு இருந்தாத்தானே தெரியும்?"

"அதைத்தான் நானும் அந்த மண்டபத்துல கேட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் பூட்ஸில் ஒட்டிய அட்டைப்பூச்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "விளங்குதுங்க மாமா," என்றார். "ஆனா தேயிலச் செடிக்கு அம்மா இல்லீங்களே."



பயண நாளைச் சொல்லும்படி கோட்டுக்காரர் தினமும் போன் எடுத்தார். வீட்டில் தினமும் சண்டை. ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் நடுவில் வந்து உட்கார்ந்தார். அவரை நான் சம்பந்தியம்மா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார், அன்பில்லாமல்.

"இந்தா பாருங்கண்ணே. நீங்க படிச்சதச் சொல்லுறீங்க, அந்தத் தம்பி படிச்சதச் சொல்லுது. படிச்ச ரெண்டு பேரு சண்ட புடிச்சா நாங்க எங்க போறது? கோயில்ல பூக் கட்டிப் பாத்துருவோம்."

இதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு காரியம் செய்வதா வேண்டாமா என்று தெரியாதபோது மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். சிவப்புப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் பூசாரி வைப்பார். ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்கும். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். கல்யாணம், வீடு மாறுவது, கொழும்புக்கு வேலைக்குப் போவது எல்லாம் அந்த இலைக்குள் முடிவாகும்.

நான் எதிர்ப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் உடனே சம்மதித்தேன். யோசித்துப் பாருங்கள். இரண்டு சம வாய்ப்புகள். எடுப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. முடிவு என்னவென்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எல்லோர் முன்னிலும் அறிவிக்கப்படுகிறது. அந்தக் கல்யாண மண்டபத்தில் நான் எதைக் கேட்டுக் கோட்டுக்காரருக்குக் கைதட்டு வாங்கிக் கொடுத்தேனோ, அதில் பாதி எங்கள் மாரியம்மனிடம் நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. ஐம்பதுக்கு ஐம்பது என்பது, வீட்டில் எனக்கு அதுவரை இருந்த வாய்ப்பைவிட நல்லதும்கூட.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் போனோம். நடைமுறையை நானே மேற்பார்வை செய்தேன். பூசாரி வெள்ளைக்கு மல்லிகை வைத்திருந்தார். வாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லி நந்தியாவட்டையாக மாற்ற வைத்தேன். சிவப்புக்கு வைத்த செவ்வரத்தம்பூ பெரியது, பொட்டலம் உப்பித் தெரியும் என்று வெள்ளையைக் கூடுதலாக வைக்கச் சொன்னேன்.

"அய்யா, இத்தன வருசமா இப்புடி யாரும் என்னையக் கேட்டதில்லைங்க," என்றார் பூசாரி.

"கேட்காமத்தான் நாடு இப்படி இருக்கு."

"மடிக்கிறப்போவும் பாக்குறீங்களா?"

அதுமட்டும் திரைக்குப் பின்னால் நடக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். மடிப்பவர் தனியே, எடுப்பவர் தனியே இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. பூசாரி என்னைப் பார்க்காமல் அக்கா மகளைப் பார்த்தார். அதை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

பொட்டலங்கள் வந்தன. அளவு ஒன்று, நூல் ஒன்று. குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. பாப்பாவே எடுக்கட்டும், அதோட விசயம்தானே என்றார் சம்பந்தியம்மா. மாப்பிள்ளை அவளைப் படியருகே இறக்கிவிட்டார்.

பாப்பா இரண்டையும் பார்த்தாள். வலதுபக்கம் இருந்ததை எடுத்தாள். நூலை இழுத்தாள். சிவப்பு.

சம்பந்தியம்மா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அக்கா மகள் குழந்தையைத் தூக்கக் குனிந்தாள், கொஞ்சம் அவசரமாக. வழக்கப்படி பூசாரி மற்றப் பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டினார். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அது அப்படியே ஓடையில் போய்விடும்.

இந்த வழக்கம் பாப்பாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த வழக்கம் வேறு. வீட்டில் அலுமாரியின் ஒரு கதவைத் திறந்தால் மறு கதவையும் திறந்தாக வேண்டும். ஒரு செருப்பைக் கழற்றினால் வீட்டிலுள்ள எல்லோரும் கழற்ற வேண்டும். பூசாரியின் கைக்குக் கீழே புகுந்து இரண்டாவது பொட்டலத்தை இழுத்துக்கொண்டாள். பூசாரி பிடுங்கப் பார்த்தார். அவள் போட்ட சத்தத்தில் ஓடைக்கு அப்பால் லயத்து வீடுகளின் நாய்கள் குரைத்தன. பூசாரி கையை எடுத்துவிட்டார். பாப்பா அமைதியாக நூலைப் பிரித்தாள்.

அதிலும் சிவப்பு.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் சம்பந்தியம்மாதான்.

"ரெண்டுலயும் செவப்பு! ஆத்தா அழுத்திச் சொல்லுறா, பாத்தீங்களா? போ போன்னு ரெண்டு வாட்டி சொல்லுறா!" மறுபடியும் குலவையிடப் போனவர், மகனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பூசாரி," என்றார் மாப்பிள்ளை. "என்னா இது?"

பூசாரி மணியைத் துடைக்கத் தொடங்கினார். "நான் என்னாங்க செய்யிறது. டீச்சரம்மா காலைல வந்து அழுதிச்சிங்க. மத்தத யாரு பிரிக்கப் போறான்னு..."

எல்லோரும் அக்கா மகளைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், நேராக, சண்டைக்குத் தயாராக.

"ஆமா, நான்தான் சொன்னேன். வேணாம்னு வந்திருச்சின்னா அதுக்கப்புறம் நான் யாருகிட்டப் போயி கேக்குறது மாமா? ஆஸ்பத்திரில கேட்டாச்சி. உங்ககிட்ட கேட்டாச்சி. இவ ஒருத்திதான் மிச்சம்." அம்மனைக் காட்டினாள். "இவளும் இல்லேன்னு சொல்லிட்டா?"

என்னிடம் அப்போது மிகப் பொருத்தமான ஒரு வாக்கியம் இருந்தது. கோட்டுக்காரர் காட்டிய வீடியோக்களும் எடுத்த பொட்டலங்கள்தான், எடுக்காதவை ஓடையில் போயின என்ற மாதிரி. கூட்டக்குறிப்பில் அழகாக இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவளும் அந்த இரண்டு சிவப்புப் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா அவற்றைக் கோயில் படியில் வரிசையாக வைத்து, இலை தனி, நூல் தனி என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் யாரும் அவள் கவனத்தில் இல்லை.

திரும்பி வரும் வழியில் மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சம்பந்தியம்மா பூசாரியுடன் சண்டை பிடிக்கப் பின்னால் நின்றுவிட்டார். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அக்கா மகள் எனக்கு முன்னே போனாள். திடீரென்று நின்றாள்.

"அந்த ஆராச்சியில தண்ணி மட்டும் ஏத்துனாங்கன்னு சொன்னீங்களே. அந்த அம்மாமாருக்குத் தெரியாதா?"

"தெரியாது. ஏத்துற டாக்டருக்கும் தெரியாது. கடைசியிலதான் பிரிச்சுப் பாப்பாங்க."

"அது வரைக்கும் பிள்ள நல்லாயிட்டு வருதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தாங்களா?"

"பலர் நெனச்சாங்க."

"பிரிச்ச பொறகு?"

"பெரிய வித்தியாசம் இல்லைன்னு தெரிஞ்சுது."

"அதக் கேக்கலங்க மாமா. பிரிச்ச பொறகு அந்த அம்மாமாரு என்னா செஞ்சாங்க?"

ஒரு வாரம் படித்திருக்கிறேன். அட்டவணைகளையும் அடிக்குறிப்புகளையும்கூட விடவில்லை. அது எந்தக் கட்டுரையிலும் இல்லை. தெரியாது என்று சொன்னேன். என்னிடமிருந்து அந்தச் சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை என்று நினைக்கிறேன். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றும் நேரத்தில் போன் அடித்தது. சமையலறை மேசைமேல் வைத்தபடியே சத்தமாகப் போட்டாள். என்னிடம் மறைக்க இனி எதுவும் இல்லை என்பதாலோ என்னவோ.

"அக்கா, குட் ஈவினிங். சீட் ஒன்னுதான் இருக்கு. நாளைக்குள்ள சொன்னீங்கன்னா ஷுவர் பண்ணிடலாம்."

"தம்பி, ஊசி போடாத பிள்ளைங்க எத்தன பேரு பேசியிருக்காங்க? அதப் பாத்து வச்சிருக்கீங்களா?"

"அக்கா, நான் இன்னொரு வீடியோ அனுப்புறேன். அழுதுருவீங்க."

"அழுகிறதுக்கு எனக்கு வீடியோ தேவையில்லைங்க. எங்க சீட்ட விட்ருங்க. வேற யாருக்காவது குடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, யாருக்கும் குடுக்காதீங்க."

அந்தப் பக்கக் குரலில் இருந்த சிரிப்பு நின்றது. "அப்ப அக்கா, பிள்ள இப்புடியே இருக்கட்டும்னு சொல்றீங்களா?"

மாப்பிள்ளை வாசற்படியில் நின்றார். நான் எழுந்திருக்கப் போனேன். அக்கா மகள் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தாள்.

"இப்புடியே இருக்கமாட்டா தம்பி. எப்புடி இருப்பான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாளைக்குப் புதன்கிழமை, எங்களுக்குக் கிளாஸ் இருக்கு."

போனை வைத்துவிட்டு அரிசியைக் களைய எடுத்தாள். தண்ணீர் பாத்திரத்தைத் தாண்டி வழிந்தபிறகுதான் குழாயை மூடினாள்.

"மாமா, காலைல வாறீங்கதானே?"

"வந்து என்ன கேக்கணும்? சிகிச்சைத் திட்டத்தை எழுத்துல கேட்கலாம். ஆறு மாச மதிப்பீடு..."

"ஒன்னும் கேக்க வேணாம். ஓப்பநாயக்கவுல பஸ் வரும்போதே சனமா இருக்கும். இவளுக்கு ஜன்னலோரம் இல்லாட்டி கத்துவா. நீங்க முன்னால ஏறி எடம் புடிச்சிக் குடுத்தீங்கன்னா போதும்."

பிடித்துக் கொடுக்கிறேன் என்றேன்.